பன்னிரண்டுக்கு ஆறு

கேய்னர் பெபிங்டனுக்கு மறதி கிடையாது. இங்கிலாந்தின் நார்த்விச் ஊரில் அவளைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நாலாம் வகுப்பில் தன்னிடம் வாங்கிய ரப்பரைத் திருப்பித் தராதவளைத் தெருவில் பார்த்தால், ஐம்பத்தொன்பது வயதிலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சிப்ஸ் கடைக்காரன் ஒருமுறை பொரித்த உருளைக்கிழங்கின் மேல் குழம்பு ஊற்ற மறந்தான். ஆறு வருடம் மழையோடு மழையாக அடுத்த தெருக் கடைக்கு நடந்தாள். அந்தக் கடையில் சிப்ஸ் வாயில் வைக்க விளங்காது என்று அவளுக்கே தெரியும். இப்பேர்ப்பட்டவளிடம் போய்த்தான் க்ளைவ் ஹேசல் திருடினான். ஊரில் அவனுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை போலும்.

பதினேழு வயதில் அவள் ரேவன்ஸ்கிராஃப்ட் கார் ஆலைக்கு வேலைக்கு வந்தாள். சீமான்களும் எண்ணெய்க் கிணற்று இளவரசர்களும் ஏறுகிற கார்கள். முன்னால் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், பின்னால் வால்நட் மரத்தட்டு, காலடியில் ஆட்டுரோமக் கம்பளம். கேய்னரின் வேலை அந்தக் காரைச் சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் ஏற்றிக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓட்டி, பின்சீட்டில் உட்கார்ந்து கேட்பது. காதால் மட்டும் இல்லை. உள்ளங்கையைத் தரையில் வைப்பாள், முழங்காலைக் கதவில் சாய்ப்பாள், கண்ணை மூடுவாள். பிறகு இறங்கி வந்து, “இடது பக்கம், ரெண்டாவது போல்ட்டு” என்பாள். போய்ப் பார்த்தால் இடது பக்கம் இரண்டாவது போல்ட்டாகத்தான் இருக்கும்.

ஒன்பது வருடத்துக்கு முன், எங்கள் ஆலையை வாங்கியிருந்த ஜெர்மன்காரர்கள் ஒரு புது அடித்தளத்தை அனுப்பினார்கள். அடித்தளம் என்றால் காரின் எலும்புக்கூடு. சக்கரங்கள், சட்டம், எஞ்சின் உட்கார இடம் எல்லாம் அதில் அடக்கம். அவர்களுடைய பந்தய வண்டிக்கும் எங்கள் சீமான் வண்டிக்கும் இனி ஒரே எலும்புதான் என்று முடிவாகியிருந்தது. எங்கள் பழைய பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி அதில் வைத்தார்கள். நிமிடத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்று வந்ததும் பின்சீட்டில் வண்டு புகுந்த மாதிரி ஒரு ரீங்காரம் கிளம்பியது. நாலு மாதம் இரண்டு நாட்டு எஞ்சினியர்களும் முட்டி மோதினார்கள், வண்டு வெளியே போகவில்லை.

கண்டுபிடித்தது கேய்னர். இதில் ஒன்றும் மாயமில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் எஞ்சின் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு முறை வெடிக்கும். பன்னிரண்டு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஆறு வெடி. எட்டு என்றால் நாலு. இது எங்கள் ஆலையில் தரை துடைப்பவருக்கும் தெரியும். அந்த ஆறு வெடியின் உதறல், எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங் வழியாகப் புது எலும்புக்குள் இறங்கியது. எத்தனை கெட்டியான ரப்பர் போட்டால் ஆறை விழுங்கும் என்று அவள் பதினொரு வாரம் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, ஒரு பக்கத்தில் எழுதி முடித்தாள். எழுதி முடித்த மறுநாள் அவள் அம்மா இறந்துபோனாள்.

மூன்று நாள் விடுப்பு. அந்த மூன்று நாளில் அவளுடைய நோட்டு மேஜையிலேயே கிடந்தது. சோதனைக்கூடத்து மேற்பார்வையாளனாக இருந்த க்ளைவ் டீ இடைவேளையில் ஒவ்வொரு மேஜையாக மேய்கிறவன். பக்கத்தைப் படம் எடுத்தான், வேறொருவனை அழகாகத் தட்டச்சு செய்யச் சொன்னான், ஜெர்மனிக்கு விமானம் ஏறினான். கேய்னர் அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது ஆலைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அடுத்த மாதம் துறைத் தலைவன் ஆனான். கூடத்துக்கு ஒரு டப்பா சாக்லெட் வாங்கி வந்து சுற்றில் விட்டான். டப்பா கேய்னரிடம் வந்தபோது யாருக்கும் பிடிக்காத தேங்காய்ச் சாக்லெட் இரண்டு மிச்சம் இருந்தது.

அவள் அவன் அறைக்கே போய்க் கேட்டாள். அவன் கோபப்படவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

“கேய்னர் கண்ணு, நீ காதால கேட்ட. நான் கண்டுபிடிச்சேன். ரெண்டும் வேற வேறம்மா.”

அந்த வாக்கியத்தை அவள் ஒன்பது வருடம் வாயில் போட்டு மென்றாள். சட்டி கழுவும்போது மென்றாள், பேருந்து நிறுத்தத்தில் மென்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெட்டும்போது கத்தி தட்டில் இறங்குகிற சத்தத்திலேயே அவள் புருஷன் ராய்க்குத் தெரிந்துவிடும், இன்றைக்கும் க்ளைவ்தான் என்று.

“ஒம்பது வருஷமா அந்தாளு நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல படுத்திருக்கான்டி,” என்பார் ராய். “போர்வையாவது அவன் பங்குக்குக் கொண்டாரலாம்ல.”

“போர்வை எதுக்கு? அவனுக்குப் பாடைதான் கட்டணும்.”

“சரி தாயே. அந்தக் குழம்ப இப்பிடித் தள்ளு.”

இந்த வருடம் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை நிறுத்துவது என்று மேலே முடிவு செய்தார்கள். புகைச் சட்டம், காலம், இன்னும் என்னென்னவோ. அதன் இடத்துக்கு எட்டு சிலிண்டர் எஞ்சினும் ஒரு மின்மோட்டாரும் சேர்ந்த ஜோடி வருகிறது. கூடத்தில் பதினொரு பேர். புது எஞ்சினுக்கு மூன்று பேர் போதும். அந்த மூன்று பேர் யார் என்று பட்டியல் போடுவது க்ளைவ். மாதக் கடைசியில் மற்ற எட்டுப் பேருக்கும் கைகுலுக்கலும் பிரிவுபசாரக் கடிகாரமும்.

கேய்னருக்கு வேலை போவதில் பெரிய வருத்தமில்லை. முட்டி வலிக்கிறது, ராயும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் அவள் வெளியே போய்விட்டால் அந்தப் பக்கம் காலத்துக்கும் க்ளைவ் ஹேசலுடையது. கேட்க நாதி இருக்காது. அவளுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்துக்குள் அவன் வாயாலேயே, ஆட்கள் முன்னால், அது யார் எழுதியது என்று சொல்ல வைக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, வண்டு இருந்தது. புது எட்டு சிலிண்டர் எஞ்சினை அடித்தளத்தில் வைத்து, மின்மோட்டார் ஓய்ந்து எஞ்சின் வேலையை வாங்கிக்கொள்ளும் நேரத்தில், ஆயிரத்து நானூறு சுற்றில், பின்சீட்டில் அது மறுபடி பாடியது. ஜெர்மனியிலிருந்து பார்க்க வருகிறார்கள் என்று தாக்கல் வந்தது. தலைமை எஞ்சினியர் டாக்டர் உல்ரிகே ப்ராண்ட்னர் நேரிலேயே வருகிறாராம். க்ளைவ் அன்று மதியமே கேய்னரின் மேஜைக்கு வந்துவிட்டான். கையில் அவளுக்குப் பன்றியிறைச்சி வைத்த ஒரு பேக்கன் பன் வேறு.

“என்ன கண்ணு, எட்டு எப்பிடிப் பாடுது? ஏதாவது புடிபட்டுச்சா?”

“கேட்டுட்டு இருக்கேன்.”

“பட்டியல்ல ஒரு எடம் இன்னும் எழுதாம வெச்சிருக்கேன். உன் நெனப்பாவே இருக்கு எனக்கு.” பன்னை மேஜையில் வைத்தான். “யோசிச்சுப் பாரு.”

உண்மையில் அவளுக்குப் பிடிபட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. எட்டுக்கான பக்கத்தை எழுதி, நாலாக மடித்து, வேலை உடுப்பின் உள்பையில் பொத்தானிட்டு வைத்திருந்தாள். அதை எடுத்து நீட்டினால் வேலை நிச்சயம். அவன் இன்னொரு முறை பத்திரிகையில் பல்லைக் காட்டுவதும் நிச்சயம். பன்னைப் பிரித்துப் பார்த்தாள். அதில் தக்காளிச் சாஸ் ஊற்றியிருந்தான். முப்பது வருடம் ஒரே கூடத்தில் இருக்கிறான், அவள் பழுப்புச் சாஸ்தான் சாப்பிடுவாள் என்று அவனுக்குத் தெரியாது. அந்த நிமிடம்தான் அவளுக்கு யோசனை உதித்தது. இந்த மனிதன் எதையும் எடுப்பானே தவிரப் பார்க்க மாட்டான்.

பக்கத்து மேஜை டெஸ் யார்வுட்டிடம் மட்டும் சொன்னாள். டெஸ் மவுண்டிங் மாட்டுகிறவர். பெரிய தொப்பை, சின்ன வாய், ரகசியம் தங்கும்.

“புது நோட்டு ஒண்ணு வாங்கியிருக்கேன் டெஸ். அதுல அந்தப் பழைய பக்கத்த எழுதப் போறேன். எழுத்துக்கு எழுத்து. புள்ளிக்குப் புள்ளி.”

“எந்தப் பழைய பக்கம்? அவன் திருடுனதா?”

“அதேதான். பன்னெண்டுக்கு எழுதுனது. மேல எந்த எஞ்சின்னு போட மாட்டேன். அன்னிக்கும் போடல. ‘ஒரு சுத்துக்கு ஆறு’ன்னு இருக்குல்ல, பாக்குறவனுக்குத் தெரியாதா?”

டெஸ் டீயைக் கீழே வைத்தார். “ஏம்மா, உனக்குக் கிறுக்கா? அதச் சொல்லியே ஒம்பது வருஷமா சோறு திங்கிறான். அவனுக்கு அடையாளம் தெரியாமப் போயிருமா?”

“சோறு திங்கிறவனுக்கு ஒல வெக்கத் தெரியணும்னு இருக்கா?”

“தெரிஞ்சுட்டா?”

“தெரிஞ்சா என்ன, நான் ஒரு வரி பொய் எழுதல. என் பக்கம், என் நோட்டு. போட்டுட்டு வீட்டுக்குப் போறேன்.”

வியாழக்கிழமை டீ மணிக்கு நோட்டை மேஜையில் விரித்துப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது டெஸ் தலையை நிமிர்த்தாமலே கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை, வெள்ளி சனியும் வரவில்லை. ராய் காரணம் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, “அவன் சும்மா அந்தப் பக்கத்த டாக்டரம்மாகிட்ட அனுப்பி, அந்தம்மா இது தப்புன்னு போன்ல சொல்லிட்டா? கமுக்கமா முடிஞ்சு போயிருமே,” என்றார்.

“அனுப்ப மாட்டான். முன்கூட்டியே அனுப்புனா வேற எவனாவது பேர் வாங்கிருவான்னு பயப்படுவான். திருட்டுப் பயலுக்கு ஊரெல்லாம் திருடனாத்தான் தெரியும்.”

அவள் சொன்னபடியே ஆனது. திங்கட்கிழமை க்ளைவ் ரப்பர் மவுண்டிங் செய்கிறவர்களுக்கு அவசர உத்தரவு போட்டான், பக்கத்தில் இருந்த அளவிலேயே. வந்திறங்கியது அதே வாரம் புதன்கிழமை மாலை. வியாழன் காலை ஜெர்மன்காரர்கள் வருகிறார்கள். டெஸ் விடியற்காலை வந்து, சாவுவீட்டு முகத்தோடு மவுண்டிங்கை மாட்டினார். க்ளைவ் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான்.

“முன்னவிட இரைச்சல் ஜாஸ்தியா இருக்கற மாதிரி இல்ல?” என்றார் டெஸ். அவருக்கே கொஞ்சம் பாவமாக இருந்திருக்க வேண்டும். தப்பிக்க ஒரு சந்து திறந்துவிட்டார்.

“எஞ்சின் இன்னும் சூடாகல. நீ உன் ஸ்பானரப் பாருய்யா.”

சந்து அடைபட்டது.

பத்து மணிக்கு வந்தார்கள். டாக்டர் ப்ராண்ட்னர் நாற்பது வயது, ஒல்லி, தட்டையான செருப்பு. அவருக்குப் பின்னால் எங்கள் ஆலையின் இயக்குநர்கள் நாலு பேர் கழுத்துப்பட்டையோடு. கூடத்துப் பதினொரு பேரும் சுவரோரம் நின்றோம். க்ளைவ் பெரிய திரையில் அந்தப் பக்கத்தைப் போட்டான். தட்டச்சில் அழகாக, கீழே அவன் பெயரோடு. ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டு உழைத்ததாகச் சொன்னான். டாக்டர் திரையைப் பார்த்தார். புருவம் லேசாக ஏறியது. போய்க் காரின் பின்சீட்டில் ஏறினார். வால்நட் தட்டை இறக்கி, அதன்மேல் தன் பென்சிலை வைத்தார்.

எஞ்சின் எடுத்தது. ஆயிரம். ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து நானூறில் வண்டு வரவில்லை, தேன்கூடே வந்தது. திறந்திருந்த கதவு வழியாக எல்லோருக்கும் கேட்டது. பென்சில் தட்டில் தானாக நகர்ந்து, விளிம்புக்குப் போய், கம்பளத்தில் விழுந்தது.

டாக்டர் இறங்கினார். நேராகத் திரைக்குப் போனார்.

“மிஸ்டர் ஹேசல், இத எப்ப எழுதுனீங்க?”

“போன வாரம், டாக்டர். முழுக்க முழுக்க...”

“நான் இதப் பாத்திருக்கேன். ஒம்பது வருஷத்துக்கு முன்ன நீங்க எங்க ஊருக்கு வந்து காட்டுனீங்க. நான் அப்ப வேலைக்குப் புதுசு. கடைசி வரிசையில உக்காந்து வரிக்கு வரி காப்பி எடுத்தேன். இன்னிக்கும் வெச்சிருக்கேன். அதே எண்ணு. ஒண்ணுகூட மாறல.”

“அது... கொள்கை ஒண்ணுதானே டாக்டர், அதனால...”

“இந்த எஞ்சின்ல எத்தன சிலிண்டர்?”

க்ளைவ் காரின் மூக்கைப் பார்த்தான், அங்கே எழுதி ஒட்டியிருக்கும் என்பதைப் போல.

“எட்டு.”

“அப்ப இந்த ஆறு எங்கிருந்து வந்துச்சு?”

இயக்குநர் ஒருவர் தன் கைவிரலை மடக்கி எண்ணிப் பார்த்துக்கொண்டார். க்ளைவின் காது சிவந்தது, பிறகு கழுத்து. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஒன்பது வருடம் தன்னைத் தூக்கி வைத்திருந்த பக்கத்தையே மறுபடியும் திருடியிருக்கிறான், அது எதைப் பற்றியது என்று ஒரு நாளும் தெரியாமலே. மெல்லத் திரும்பிச் சுவரோரம் பார்த்தான். கேய்னர் கைகட்டி நின்றாள். அந்தப் பார்வைக்காக அவள் ஒன்பது வருடம் காத்திருந்தாள். இனித்தது. பொய் சொல்வானேன், அவளுக்குத் தொண்டைவரை இனித்தது.

“கேய்னர்... நீ கொஞ்சம் வெளக்குறியா?”

“நானா? நான் காதால கேக்குறவதானே. கண்டுபிடிக்கிறது நீங்கல்ல?”

“கேய்னர், ப்ளீஸ்.”

டாக்டர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “இவங்க யாரு?”

“அவரே சொல்லுவாரு மேடம்,” என்றாள் கேய்னர். “அந்த ஆறு யாருதுன்னும் சேத்துச் சொல்லுவாரு. அவருக்குத்தான் நல்லாத் தெரியும்.”

க்ளைவ் வாய்க்குள் என்னவோ சொன்னான்.

“கேக்கல,” என்றாள்.

“எனக்கும் சுத்தமா கேக்கலப்பா,” என்றார் டெஸ் மூலையிலிருந்து.

“கேய்னர் எழுதுனது.” அவன் குரல் உடைந்திருந்தது. “இவங்க, கேய்னர் பெபிங்டன். அந்தப் பக்கம் இவங்க எழுதுனது.”

“எப்ப?” என்றாள் கேய்னர்.

“போன வாரம்...”

“அதுக்கு முன்ன?”

அவன் தரையைப் பார்த்தான். “ஒம்பது வருஷத்துக்கு முன்ன.”

“நான் அப்ப எங்க இருந்தேன்? அதையும் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

அவன் நிமிரவே இல்லை. கேய்னர் விடவில்லை. இயக்குநர்களுக்குச் சங்கடமாக இருந்தது, ஒருவர் இருமினார், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர்கள் சங்கடம் அவர்கள் பாடு.

“அவங்க அம்மா அடக்கத்துக்குப் போயிருந்தாங்க.”

டாக்டர் ப்ராண்ட்னர் கேய்னரிடம் வந்து நின்றார். “எட்டுக்கு விடை இருக்கா உங்ககிட்ட?”

“இருக்கு.”

பட்டியலில் பெயர் சேர்த்தார்களா என்று கேட்பீர்கள். சேர்த்தார்கள், அதற்கு ஒரு வாரம் ஆனது. அன்று அந்த நேரத்தில் அவளுக்கு அந்த நினைப்பே இல்லை. உள்பையின் பொத்தானைக் கழற்றி, மடித்த பக்கத்தை எடுத்தாள். டாக்டர் கையை நீட்டினார். கேய்னர் அவரைத் தாண்டிப் போய் க்ளைவிடம் நீட்டினாள்.

“வாசிங்க.”

“கேய்னர், போதும்...”

“மேலருந்து வாசிங்க. பேரோட.”

அவன் தாளை விரித்தான். “எழுதியது, கேய்னர் பெபிங்டன்,” என்று வாசித்தான். “எட்டு சிலிண்டர். ஒரு சுற்றுக்கு நாலு.” மூன்றாவது வரியில் ஒரு சொல் அவனுக்கு விளங்கவில்லை. தாளைக் கண்ணருகே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான், அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.